"என்னைக் கேட்டீங்களா?" - அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை உங்கள் குழந்தைக்குச் சொல்வது எப்படி?

"என்னைக் கேட்காம ஏன் முடிவு பண்ணீங்க?" - வீட்டில் குழந்தைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1776-ல் 13 அமெரிக்கக் காலனிகள் பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜைப் பார்த்துக் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அப்படி என்ன பிரச்சினை?

பிரான்ஸுடன் நடந்த போரால் பிரிட்டனுக்குக் கடன் எகிறியது. அதைச் சமாளிக்க 1765-ல் ஸ்டாம்ப் சட்டம் வந்தது. செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு என எல்லாவற்றுக்கும் வரி. ஆனால், வரி போட்ட லண்டன் நாடாளுமன்றத்தில் காலனி மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை!

எதிர்ப்பு கிளம்பியதால் அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் வாபஸ் ஆனது. ஆனாலும் வேறு வரிகள் தொடர்ந்தன. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது கிழக்கிந்திய கம்பெனியின் சரக்கு. ஆமாம், இந்தியாவை ஆண்ட அதே கம்பெனிதான். 1775-ல் போரே மூண்டுவிட்டது.

பிரகடனம் சொல்வது என்ன?

1776 ஜூலை 4-ல் ஏற்கப்பட்ட பிரகடனத்தை சிம்பிளாக மூன்று விஷயங்களாகச் சொல்லலாம்.

1. எல்லோரும் சமம். உயிர் வாழ்வது, சுதந்திரமாக இருப்பது, மகிழ்ச்சியைத் தேடுவது எல்லாம் பிறப்பிலேயே வரும் உரிமைகள். ராஜா கொடுத்த பரிசு அல்ல.

2. அரசு என்பது அந்த உரிமைகளுக்கு மக்கள் வைத்த காவல்காரர். மக்கள் சம்மதித்தால்தான் அதற்கு அதிகாரம்.

3. காவல்காரரே திருட ஆரம்பித்தால் மாற்றலாம். ஆனால் சின்னக் கோபத்துக்கெல்லாம் மாற்றக் கூடாது. தொடர்ந்து அநீதி நடந்திருக்க வேண்டும். அதனால்தான் மன்னர் மீதான நீண்ட குற்றப்பட்டியலும் பிரகடனத்தில் இருக்கிறது.

"எல்லோரும்னா... எல்லோருமா?"

இதையும் குழந்தை கேட்கும். மழுப்ப வேண்டாம். "இல்லை" என்பதுதான் நேர்மையான பதில். பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனே தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் வரைவில் எழுதிய பத்தியையும் காங்கிரஸ் நீக்கிவிட்டது. பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லை. பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்றே பிரகடனம் குறிப்பிட்டது.

அப்புறம் ஏன் அதைக் கொண்டாட வேண்டும்? விடுபட்டவர்களே அதைக் கையில் எடுத்தார்கள் என்பதுதான் காரணம். 1848-ல் செனெகா ஃபால்ஸில் கூடிய பெண்கள், அதே பாணியில் தங்கள் உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். அடிமைத்தளையில் இருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ், "ஜூலை 4-ல் அடிமைக்கு என்ன இருக்கிறது?" என்று 1852-ல் கேட்டார். 1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1920-ல் அரசியலமைப்புத் திருத்தம் மூலம் பெண்களுக்கு ஓட்டுரிமை உறுதியானது.

மன்னரிடம் கேட்ட அதே கேள்வியை, பிரகடனம் எழுதியவர்களின் நாட்டிடமே இவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: "எங்களைக் கேட்டீங்களா?"