அடும்பு: சங்கப் பாடல்கள் காட்டும் இலை, பூ அடையாளங்களும் தாவரவியல் வேறுபாடுகளும்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காடு, பகவதியம்மன் கோயிலால் பெயர்பெற்ற கடற்கரை ஊர். அரபிக்கடலை நோக்கிய இக்கரையின் மணலில் படரும் கொடிகளுள் அடும்பு குறிப்பிடத்தக்கது. மக்கள் வழக்கில் இது அடம்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால் அடம்பு எனப் பலவாறு வழங்கும். நெய்தல் திணைப் பாடல்களில் பன்முறை இடம்பெறும் இக்கொடியைக் ‘கடற்கரையில் படரும் ஊதாப்பூக்கொடி’ என்ற அளவில் பொருள்கொண்டால், அதே மணலில் வளரும் பிற கொடிகளும் அப்பெயருக்குள் அடங்கிவிடும். எனவே பாடல்கள் தரும் உறுப்பு அடையாளங்களைத் தாவரவியல் நோக்கில் ஒப்பிட்டு, அடும்பைப் பிறவற்றினின்று பிரித்தறியும் நெறியை இக்கட்டுரை விளக்குகிறது.

பாடல் தரும் இரு அடையாளங்கள்

நம்பி குட்டுவனார் பாடிய குறுந்தொகை 243ஆம் பாடல் அடும்பிற்கு இரண்டு உவமைகளைத் தருகிறது. பிளவுபட்ட இலைக்கு மானின் அடியும், ஒளிமிக்க பூவிற்குக் குதிரையின் கழுத்துமாலையில் கோத்த மணியும் உவமைகளாகின்றன. முன்னது இலையின் வடிவத்தையும் பின்னது பூவின் அமைப்பையும் குறிக்கும்.

இவ்விரண்டும் ‘ஐபோமியா பெஸ்-காப்ரே’ என்னும் கொடிக்கு முழுதும் பொருந்துகின்றன. பழைய நூல்களில் ‘ஐபோமியா பைலோபா’ எனக் காணப்படுவதும் இதுவே. லின்னேயஸ் 1753இல் இதனைக் கன்வால்வுலஸ் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். ராபர்ட் பிரவுன் 1818இல் ஐபோமியா பேரினத்திற்கு மாற்றினார். ‘பெஸ்-காப்ரே’ என்னும் இலத்தீன் தொடருக்கு ஆட்டின் அடி என்பது பொருள். மானும் ஆடும் பிளவுபட்ட குளம்புடையவை. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே உறுப்பை ஒரே வகையான உவமையால் அடையாளப்படுத்தியுள்ளன.

இலைப்பிளவின் ஆழத்தைக் கொண்டே இவ்வினத்தை வகைப்படுத்துவோரும் உளர். வான் ஊஸ்ட்ஸ்ட்ரூம் 1940இல் வரையறுத்த ‘பிரேசிலியென்சிஸ்’ துணையினத்தின் இலைநுனி சிறிதே உட்குழிந்திருக்கும். இந்தியப் பெருங்கடலின் வடகரைகளுக்குரிய துணையினத்தில் பிளவு ஆழமானது. பாடலில் வரும் ‘கவடு’ என்னும் சொல் இந்த ஆழ்ந்த பிளவிற்கே ஏற்புடையது.

ஒத்த தோற்றமுடைய கொடிகள்

கனவாலியா ரோசியா: வாளவரையின் இனம், கடல்மணலில் நீண்டு படரும், இளஞ்சிவப்பு கலந்த ஊதாநிறப் பூவுடையது. தொலைவில் காண்போர் இதனை அடும்பெனக் கொள்ளக்கூடும். ஆயின் இதன் இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்ட கூட்டிலை. பூ அவரைப்பூ வடிவினது. காய் தடித்த நெற்று. அடும்பிற்கோ தனியிலை, ஐந்து இதழ்களும் இணைந்த புனல்வடிவப் பூ, பெரும்பாலும் நான்கு மயிரடர்ந்த விதைகளையுடைய உருண்டைக் காய். மணி உவமை கனவாலியாவின் பூவிற்குப் பொருந்தாது.

ஐபோமியா இம்பெராட்டி: அடும்பின் பேரினத்தைச் சேர்ந்தது, பூவும் புனல்வடிவினதே. எனவே மணி உவமை மட்டும் இதனை விலக்காது. இதன் பூ வெண்ணிறமானது, உட்பகுதி மஞ்சள். இலை சிறியது, ஒரே கொடியிலும் பல வடிவில் அமையும், நுனிக்குழிவு தோன்றினும் அது நிலையான பண்பன்று. இங்கு வேறுபாட்டைக் காட்டுவது மானடி உவமையே.

ஆத்தி: பிளவுபட்ட இலையுடைய மரம். இலை உவமையைத் தனித்துக் கொண்டால் இதுவும் பொருந்தும், பூவமைப்பால் விலகும்.

ஆகவே ஓர் உவமை தனித்து நின்று அடும்பை வரையறுப்பதில்லை. இரண்டும் இணைந்தே வரையறுக்கின்றன. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் அடும்பு, ஆத்தி, அவரை ஆகியவை ஓரடியிலேயே வெவ்வேறு பூக்களாக அடுத்தடுத்து எண்ணப்படுவதும் இங்கு நோக்கத்தக்கது.

பெயர்ச்சான்றின் எல்லை

கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ (1678–1693) இக்கொடியைப் பதினொன்றாம் தொகுதியில் ‘சோவன்ன அடம்பு’, அதாவது சிவந்த அடம்பு, எனப் பதிவு செய்கிறது. பழந்தமிழ்ப் பெயர் மேலைக்கரை வழக்கில் தொடர்ந்தமைக்கு இது சான்று. ஆயின் அந்நூலின் நான்காம் தொகுதியில் ‘அடம்பு’ என்னும் பெயர் பூமருது மரத்திற்கு வழங்கப்பட்டுள்ளது. பெயரொற்றுமையை மட்டும் கொண்டு தாவரத்தை உறுதிசெய்ய இயலாது. உறுப்பு அடையாளமே முதற்சான்றாதல் வேண்டும்.

அடையாளமும் பாடற்பொருளும்

உலோச்சனாரின் குறுந்தொகை 248ஆம் பாடலில், கோடைக்காற்றுக் குவித்த, அடும்பு படர்ந்த மணல்மேடு ஊர்ந்து அடிமரத்தைப் புதைப்பதால் நெடிய பனைகள் குறியனவாகின்றன. அடும்பின் கொடி கணுதோறும் வேரூன்றும்; காற்று கொணரும் மணலைத் தடுத்து நிறுத்தும்; மணல் மூடினும் மேலெழுந்து தளிர்க்கும். இவ்வியல்பை அறிந்தால், பனை குறுகுதல் புனைந்துரையன்று, கடற்கரையில் நிகழும் மணலேற்றத்தின் பதிவு என்பது விளங்கும்.

முடிவுரை

கவட்டிலை, மணிப்பூ என்னும் இரண்டும் ஒருங்கே அமைந்த கொடியே அடும்பு. ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பிழைக்கு இடந்தரும். மணல்மேடுகள் அகற்றப்படும் கரைகளில் இக்கொடி படர்தற்குரிய இடமும் குறைகிறது. மண்டைக்காடு போன்ற கரைகளில் இக்கொடிகளை இலை, பூ, காய் அடையாளங்களுடன் முறையாகப் பதிவு செய்வது, நெய்தற் பாடல்களுக்குரிய புறச்சான்றுகளைக் காக்கும் பணியாகும்.