கடைசி இழுப்பு குழந்தையினுடையது

அலுவலகத்திற்குப் புறப்படும் அவசரத்தில், குழந்தையை நிறுத்திக் கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக்குள் நுழைப்பதே பல வீடுகளின் காலை வழக்கம். குழந்தை அழுது புரள்கிறது. "இவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை" என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். தெரிந்துகொள்ள அவனுக்கு நேரம் கொடுத்தோமா என்பதே கேள்வி.

உடுத்துவதற்கு முன்னால் கழற்றுவது வந்துவிடும். 1 வயதை ஒட்டிய குழந்தை தொப்பியையும் காலுறையையும் பிடுங்கி எறிவது குறும்பு அன்று. அதுவே முதல் பாடம். 2 வயதளவில் தளர்வான கால்சட்டையை இறக்கிவிடும். 3 வயதை ஒட்டி, எலாஸ்டிக் வைத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். பொத்தானுக்கு மேலும் ஓராண்டு ஆகலாம். குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின்னாக இருப்பது இயல்பே.

கற்பிக்கும்போது முடிவிலிருந்து தொடங்குங்கள். குழந்தையைத் தாழ்வான முக்காலியில் அமர்த்தி, இரு கால்களையும் கால்சட்டைக்குள் நுழைத்து, எழுந்து நிற்கச் செய்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை நீங்களே ஏற்றுங்கள். கடைசி இழுப்பைக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். அது பழகியபின் தொடையளவிலும், பிறகு முழங்காலளவிலும், அதன்பின் கணுக்காலளவிலும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது தானே என்ற மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கும். முதலிலிருந்து தொடங்கினாலோ, பாதியில் நாம் வாங்கி முடித்துவிடுவோம், அழுகைதான் மிஞ்சும்.

இந்தப் பயிற்சிக்குக் காலை நேரம் ஏற்றதன்று. மாலைக் குளியலுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து அகன்ற, சற்றுப் பெரிய பருத்திச் சட்டை போதும். முன்புறம் படம் இருந்தால் முன்பின் அறிய உதவும். தீபாவளிக்கு எடுத்த சரிகைச் சட்டையில் தயவுசெய்து வேண்டாம்.

ஒரு கை வலுவிழந்திருந்தால் முறை சற்று மாறும். உடுத்தும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுக்க வேண்டும். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட தாத்தாவுக்குச் சட்டை மாற்றுவோருக்கும் இதுவே வழி.

உடை மாற்றும் வேளையில் மற்றொன்றையும் கவனியுங்கள். 1 வயது நிறையுமுன்பே குழந்தை ஒரு கையை மட்டுமே நீட்டி, மற்றதை எப்போதும் மூடியபடி வைத்திருந்தால், "இடக்கைப் பழக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். அவ்வளவு சிறிய வயதில் கைப்பழக்கம் தெளிவாகத் தெரிவது வழக்கமன்று. முன்பு செய்துவந்ததைக் குழந்தை திடீரென மறந்துவிட்டாலும் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.