தேன்கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள்!

ஜடாயு என்ற பறவைக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் என்பதுதான் எங்கள் திருப்புட்குழியின் பெருமை. அப்படிப்பட்ட ஊரில் நானே ஒரு தேன்கூட்டைக் கொளுத்த இருந்தேன், சகோதரிகளே!

புழக்கடைச் சுவர்ப் பொந்தில் தேனீக்கள் குடியேறிவிட்டன. பிரசவத்துக்கு வந்த மகளும் கைக்குழந்தையும் பக்கத்து அறையில். "ராத்திரி பந்தம் கொளுத்திக் காட்டுங்கக்கா, ஒழிஞ்சுடும்" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. பந்தம்கூடத் தயார். நல்லவேளை, தேனீ வளர்க்கும் ஒரு பெரியவரை என் வீட்டுக்காரர் அழைத்து வந்தார்.

"நெருப்பு வச்சா கலைஞ்சு தெருவையே கொட்டும்மா. ஒண்ணு கொட்டினா அந்த வாசனைக்கே மத்ததும் வரும்" என்றார் அவர்.

பொந்துக்குள் பல அடைகள் கட்டுவது இந்தியத் தேனீ. இதைப் பெட்டிக்கு மாற்றலாம். மரத்திலோ மாடி விளிம்பிலோ ஒரே பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதன் கிட்டேயே போகாதீர்கள். ஆபத்தென்றால் தீயணைப்பு நிலையத்தை (101) கூப்பிடுங்கள். அடையே இல்லாமல் ஈக்கள் மட்டும் கொத்தாகத் தொங்கினால், பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும்.

அந்தி சாய்ந்து ஈக்களெல்லாம் திரும்பியதும் பெரியவர் தேங்காய் நார்ப் புகையை லேசாகக் காட்டினார். புழுவும் முட்டையும் உள்ள அடைகளை அறுத்து, மரச்சட்டங்களில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். 1910-களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் அமைத்த பெட்டியாம். இன்றும் நியூட்டன் பெட்டி என்றே பெயர். ராணியைப் பிடித்து உள்ளே விட்டதும் மற்றவை பின்னாலேயே நுழைந்தன! கிட்டத்தில் வைத்தால் பழைய இடத்துக்கே திரும்பும் என்று, சில மைல் தள்ளி ஒரு தோப்புக்குக் கொண்டுபோனார். மிஞ்சிய மெழுகைச் சுரண்டிக் கழுவிவிட்டு, பொந்தை நாங்கள் பூசிவிட்டோம். இல்லையென்றால் மெழுகு வாசனைக்கு இன்னொரு கூட்டம் வந்துவிடுமாம்.

1991-92இல் ஒரு வைரஸ் நோய் தென்னாட்டு இந்தியத் தேனீக்களில் பெரும்பகுதியை அழித்தது. மிஞ்சியதை நாமும் கொளுத்தலாமா?

கூட்டை எடுக்கும்போது குழந்தைகளை உள்ளே வைத்து, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணையுங்கள். கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தேனீ வளர்ப்பவர் யாரென்று தெரியாவிட்டால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பந்தத்தை மட்டும் எடுக்காதீர்கள்!