நாடாவிலிருந்து வட்டுக்கு: ‘தி அவெஞ்சர்ஸ்’ உளவுத் தொடர் தப்பிப் பிழைத்த வரலாறு

‘தி அவெஞ்சர்ஸ்’ என்றதும் இன்றைய வாசகருக்கு மார்வெல் நிறுவனத்தின் அதிநாயகர்களே நினைவுக்கு வருவர். ஆனால் பிரிட்டனில் அப்பெயர் 1961இலேயே ஓர் உளவுத் தொலைக்காட்சித் தொடருக்கு உரியதாகிவிட்டதால், 2012இல் வெளியான மார்வெல் படம் அந்நாட்டுத் திரையரங்குகளுக்கு ‘மார்வெல் அவெஞ்சர்ஸ் அசெம்பிள்’ என்ற மாற்றுப் பெயருடன் வந்தது. 1961 முதல் 1969 வரை ஆறு பருவங்களாக 161 அத்தியாயங்கள் ஒளிபரப்பான அந்தப் பழைய தொடர், வீடியோ கேசட்டாகவும் டிவிடியாகவும் புளூ-ரே வட்டாகவும் பின்னர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. இவ்வட்டுகளை வரிசையாகப் பார்ப்பவர், ஒரு பருவம் ஏறக்குறைய முழுதாகக் காணாமற்போயிருப்பதையும், அடுத்த இரு பருவங்கள் மங்கலாக இருப்பதையும், அதன் பின் வருபவை நேற்று எடுத்தவை போலத் துலங்குவதையும் காண்பார். இந்த ஏற்றத்தாழ்வுக்கான முதற்காரணம், ஒவ்வொரு பருவமும் முதன்முதலில் எந்தப் பொருளின்மீது பதிவானது என்பதில் இருக்கிறது.

ஏபிசி என்ற பிரிட்டிஷ் தனியார் தொலைக்காட்சி நிறுவனத்தின் நாடகப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரும், பிற்காலத்தில் பிபிசிக்குச் சென்று ‘டாக்டர் ஹூ’ தொடரைத் தொடங்கியவர்களுள் ஒருவருமான சிட்னி நியூமனின் முயற்சியால் இத்தொடர் 1961 ஜனவரி 7 அன்று தொடங்கியது. மணக்கவிருந்த பெண்ணைக் கொலைகாரர்களிடம் பறிகொடுத்த டேவிட் கீல் என்ற மருத்துவராக இயன் ஹெண்ட்ரியும், அவருக்குத் துணைவரும் ஜான் ஸ்டீட் என்ற உளவாளியாக பேட்ரிக் மெக்னீயும் நடித்தனர். ஹெண்ட்ரி முதற்பருவத்தோடு விலகிவிட, குடையும் வட்டத் தொப்பியுமாக உலவும் ஸ்டீடே தொடரின் அச்சாணியானார். அவருக்கு இணையாக ஹானர் பிளாக்மன், டயானா ரிக், லிண்டா தோர்சன் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக நடித்தனர். அறிவிலும் சண்டையிலும் ஆணுக்கு ஈடுகொடுக்கும் பெண் பாத்திரங்களைத் தொலைக்காட்சியில் நிலைநாட்டியது இத்தொடரின் தனிச்சிறப்பு என்று கருதப்படுகிறது.

முதற்பருவம் டெடிங்டன் படப்பிடிப்பகத்தில் சில அத்தியாயங்கள் நேரடியாகவும் மற்றவை வீடியோ நாடாவில் பதிவுசெய்யப்பட்டும் உருவானது. ஒளியையும் ஒலியையும் காந்த மாற்றங்களாகப் பதிக்கும் வீடியோ நாடா, 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய புதுமை. இரண்டு அங்குல அகலமும் மிகுந்த விலையும் கொண்டிருந்த அந்நாடாவை அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அதன் பெரிய வசதியாகக் கருதப்பட்டது. ஒளிபரப்பான நிகழ்ச்சியை மக்கள் வீட்டில் வைத்துப் பார்க்கும் கருவி அப்போது இல்லை. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பையும் கட்டுப்படுத்தின. எனவே ஒளிபரப்பு முடிந்த நாடாவைப் பாதுகாப்பது வீண்செலவாகத் தோன்றியதில் வியப்பில்லை. இவ்வழக்கத்தால் அக்காலப் பிரிட்டிஷ் நிகழ்ச்சிகள் எண்ணற்றவை அழிந்தன. ‘தி அவெஞ்சர்ஸ்’ முதற்பருவத்தின் 26 அத்தியாயங்களில் இன்று முழுமையாக இருப்பவை மூன்று மட்டுமே.

1962 முதல் 1964 வரை ஒளிபரப்பான இரண்டாம், மூன்றாம் பருவங்களும் வீடியோ நாடாவில் பதிவானவையே என்றாலும், அவற்றின் 52 அத்தியாயங்களும் எஞ்சியிருப்பதற்குக் காரணம் ‘டெலிரெக்கார்டிங்’ என்ற முறையாகும். ஒளிபரப்புத் தரமுள்ள ஒரு திரையில் நிகழ்ச்சியை ஓடவிட்டு, அத்திரையை நோக்கி நிறுத்திய படப்பிடிப்புக் கருவியால் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுப்பதே இம்முறை; நாட்டுக்கு நாடு தொலைக்காட்சித் தொழில்நுட்பம் மாறுபட்டிருந்த அக்காலத்தில், எங்கும் ஓட்டக்கூடிய படச்சுருளே வெளிநாட்டு விற்பனைக்கு ஏற்றதாக இருந்தது. அன்றைய பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் படம் 405 கிடைக்கோடுகளால் ஆனது என்பதாலும், வினாடிக்கு 50 அரைப்படங்களாக ஓடிய காட்சி படச்சுருளில் 25 முழுப்படங்களாகச் சுருங்கியதால் அசைவின் வழுவழுப்புக் குறைந்ததாலும், இப்பருவங்கள் வட்டில் மங்கலாகவே தெரிகின்றன. வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது அப்போது கடினமாக இருந்தமையால் காட்சிகள் நீண்ட தொடர்ச்சியாகப் பதிவாயின; ஆகவே நடிகரின் சொல் தடுமாற்றமும் சட்டகத்துக்குள் எட்டிப்பார்க்கும் ஒலிவாங்கியின் நிழலும் அப்படியே இருக்கின்றன.

1965இல் ஒளிபரப்பு தொடங்கிய நான்காம் பருவத்துக்காகத் தயாரிப்பு எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பகத்துக்கு மாறி, திரைப்படம் போலவே 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டபோது தொடரின் தலையெழுத்து மாறியது. எம்மா பீல் என்ற பாத்திரத்தில் டயானா ரிக் அறிமுகமான இந்நான்காம் பருவத்தை, பிரிட்டிஷ் நிறுவனத்தின் அதே சுருக்கப்பெயரைத் தற்செயலாகக் கொண்டிருந்த அமெரிக்காவின் ஏபிசி வலையமைப்பு வாங்கி 1966இல் ஒளிபரப்பியது. அமெரிக்கச் சந்தையை முன்னிட்டு, 1967 முதல் ஒளிபரப்பான பருவங்களுக்குத் தொடர் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஆனால் பிரிட்டனில் இதனை ஒளிபரப்பிய ஐடிவி வலையமைப்பில் வண்ண ஒளிபரப்பு 1969 நவம்பரில்தான் தொடங்கியது. தொடரோ அவ்வாண்டு மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. எந்த நாட்டில் எடுக்கப்பட்டதோ அந்த நாட்டு மக்களே முதல் ஒளிபரப்பில் அதன் வண்ணத்தைக் காணவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், வட்டில் காண்பது பழைய ஒளிபரப்பின் நகல் மட்டுமன்று, அன்றைய நேயருக்குக் கிட்டாத ஒன்று என்பது விளங்கும்.

வீட்டுக்கு வந்த வடிவங்களுள் முதலாவதான விஎச்எஸ் கேசட்டின் துல்லியம் டிவிடியில் ஏறத்தாழப் பாதியே என்பதால், நாடாவில் எடுத்ததற்கும் படச்சுருளில் எடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அதில் ஓரளவு மறைந்தது. 1990களின் இறுதியில் பரவிய டிவிடி, பிரிட்டனிலும் இந்தியாவிலும் வழங்கும் பால் முறையில் 576 கிடைக்கோடுகளைக் காட்டி அவ்வேறுபாட்டை வெளிப்படுத்தியது; 1,080 கோடுகளைக் கொண்ட புளூ-ரே அதனை மேலும் கூர்மையாக்கியது. 35 மில்லிமீட்டர் படச்சுருள் அன்றைய தொலைக்காட்சிப் பெட்டி காட்டியதைவிடப் பன்மடங்கு நுண்விவரத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருந்ததால், மூலச் சுருளை வருடிக் கணினியில் ஏற்றி, தூசியையும் கீறலையும் நீக்கி, நிறத்தைச் சீர்செய்தால் உயர்துல்லியப் படம் கிடைக்கிறது. அத்துல்லியத்துக்கு ஒரு விலையும் உண்டு: சண்டைக் காட்சிகளில் நடிகர்களுக்குப் பதிலாக வரும் சண்டைக் கலைஞர்களின் முகமும், சுவரென்று காட்டப்படும் வண்ணம் பூசிய தட்டியும் இப்போது எளிதில் புலப்படுகின்றன. 405 கோடுகளில் பிறந்த முந்தைய பருவங்களுக்கோ இவ்வளவு துல்லியம் பெரும் பயன் தருவதில்லை. இல்லாத விவரத்தை எந்த வட்டும் உண்டாக்க முடியாது.

தொலைந்தவற்றைத் தேடும் பணிக்கும் இவ்வெளியீடுகள் ஊக்கமளித்தன. முதற்பருவத்தின் ‘கேர்ள் ஆன் தி டிரபீஸ்’ அத்தியாயமும், தொடக்க அத்தியாயமான ‘ஹாட் ஸ்னோ’வின் முதற்பகுதியும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன, ‘டனல் ஆஃப் ஃபியர்’ 2016இல் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் டிவிடியாக வந்தது. தொடரின் உரிமை பல கைகள் மாறி பிரான்சின் ஸ்டுடியோகனால் நிறுவனத்திடம் சென்ற பின் பிரிட்டனில் வந்த டிவிடி தொகுப்புகளில், எஞ்சிய புகைப்படங்களையும் கதைக்குறிப்புகளையும் கொண்டு இழந்த சில அத்தியாயங்களை மறுஆக்கம் செய்து சேர்த்துள்ளனர். பிக் ஃபினிஷ் என்ற ஒலிநாடக நிறுவனம் 2014 முதல் அவற்றைப் புதிய நடிகர்களின் குரலில் ஒலிநாடகங்களாகவும் வெளியிட்டது. படத்துடன் ஓடும்படி பதிவான விளக்கவுரைகளும் மதிப்பு மிக்கவை. தொடரின் முதன்மை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான பிரையன் கிளெமன்ஸும் மெக்னீயும் 2015இலும், பிளாக்மனும் ரிக்கும் 2020இலும் மறைந்துவிட்ட நிலையில், தயாரிப்பில் பங்கேற்றோரின் நினைவுகளைக் காக்கும் வாய்மொழி வரலாறாகவே அவற்றைக் கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டுக்கு வேறு இரு உளவுத் தொடர்களைக் காணலாம். பேட்ரிக் மெக்கூஹன் நடித்த ‘தி பிரிசனர்’ 17 அத்தியாயங்களும் 35 மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டதால் முழுமையாகத் தப்பி, 2009இல் நெட்வொர்க் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வழியே புளூ-ரேயாக வந்தது. 1967இல் தொடங்கிய, எட்வர்ட் வுட்வர்ட் நடித்த ‘காலன்’ தொடரோ நாடாவில் பதிவானதால், அதன் கறுப்பு வெள்ளை அத்தியாயங்களில் பலவற்றை இழந்தது; எஞ்சியவை மட்டும் தனித் தொகுப்பாக வெளியாயின. கலைத்தரத்தில் ஒன்றுக்கொன்று சளைக்காத இவ்விரண்டில், எது நிலைத்தது எது அழிந்தது என்பதைக் கதையோ நடிப்போ தீர்மானிக்கவில்லை. படச்சுருளா நாடாவா என்ற வணிக முடிவே தீர்மானித்தது.

வட்டும் நிலையானதன்று. பழைய பிரிட்டிஷ் தொடர்களை மிகுதியாக வெளியிட்டுவந்த நெட்வொர்க் நிறுவனம் 2023இல் மூடப்பட்டதோடு அதன் வெளியீடுகளும் கடைகளில் அரிதாயின. விற்பனை நாட்டைக் கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீடு வேறொரு தடை: பிரிட்டிஷ் டிவிடிகள் இரண்டாம் மண்டலத்தையும் இந்தியா ஐந்தாம் மண்டலத்தையும் சேர்ந்தவை, புளூ-ரேயில் பிரிட்டனுக்கு ‘பி’ குறியீடும் இந்தியாவுக்கு ‘சி’ குறியீடும் உரியவை. ஆகவே இத்தொகுப்புகளை வாங்க விரும்புவோர், தம் கருவி எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்குமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரின் 161 அத்தியாயங்களில் 138 முழுமையாக எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆவணமாகக் காக்க வேண்டும் என்று எவரும் திட்டமிட்டதால் தப்பியவை அல்ல, அயல்நாட்டில் விற்பதற்காகப் படச்சுருளில் ஏறியதால் தப்பியவை.