இறக்குமதியால் வேலை போனதென்று யார் சொல்வது?

2022 ஜூன் 30 கெடு பற்றி வந்த கடிதங்களில் பாதி, இரண்டு திட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவை. இ.எஸ்.ஐ. தரும் வேலையிழப்பு உதவி, அதாவது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, அப்போது 2022 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவிய அமெரிக்காவின் ‘டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்’, சுருக்கமாக டி.ஏ.ஏ., அதே நாளில் காலாவதியானது. தேதி பொருந்தியது தற்செயல். நம்முடையதில் சந்தா நாட்கள் சரியாக இருந்தால் சராசரிக் கூலியில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை. ஆலை மூடியதற்குச் சீனா காரணமா, முதலாளி காரணமா என்று யாரும் துருவுவதில்லை. அமெரிக்கத் திட்டமோ அந்தத் துருவலின் மேல்தான் நின்றது.

1962-இல் கென்னடி அரசு சுங்கவரிக் குறைப்புக்குத் தொழிற்சங்கங்களின் சம்மதத்தைப் பெறக் கொடுத்த வாக்குறுதி இது. 1969 வரை ஒரு தொழிலாளிக்கும் இதில் உதவி கிடைக்கவில்லை. வரிச்சலுகைதான் தலையாய காரணம் என்று நிரூபிக்கச் சொன்னால் யாரால் முடியும்? சங்கத் தலைவர்கள் இதைச் சவ அடக்கக் காப்பீடு என்று கேலி செய்தார்கள். 1974 சட்டம் கொஞ்சம் இறங்கிவந்தது. வேலையிழப்புக்கு இறக்குமதி ‘முக்கியமாக’ உதவியிருந்தால் போதும் என்றது. எது முக்கியம்? சட்டமே விளக்குகிறது: முக்கியமான காரணமாக இருக்க வேண்டும், ஆனால் மற்றக் காரணங்களைவிடப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. படித்துவிட்டுத் தெளிவடைந்தவர்கள் எனக்கும் ஒரு கார்டு போடலாம்.

இந்த ‘முக்கியத்தை’ அளந்தது யார் என்பதுதான் திட்டத்தின் சூட்சுமம். மூன்று தொழிலாளர் கையெழுத்திட்டால் மனு. சங்கமோ, நிறுவனமோ, மாநில அலுவலகமோகூட மனு கொடுக்க முடிந்தது. வாஷிங்டனில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரிடம் கோப்பு போனது. அவர் நிறுவனத்திடம் விற்பனை, உற்பத்தி, இறக்குமதிக் கணக்கைக் கேட்டார். அது போதாதென்றால் அந்த ஆலையின் பெரிய வாடிக்கையாளர்களுக்குப் படிவம் அனுப்பினார். இவர்களிடம் வாங்குவதைக் குறைத்தீர்களா? அதே சரக்கை வெளிநாட்டிலிருந்து கூடுதலாக வாங்கினீர்களா? இருபது வருடம் லேத்தில் நின்றவரின் அடுத்த இரண்டு வருடச் சாப்பாடு, எங்கோ ஒரு ஊரில் அவர் பார்த்தேயிராத கொள்முதல் மேலாளர் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்பதில் இருந்தது. பக்கத்து ஆலையில் ரோபோ வந்து வேலை போனவருக்கு இந்தக் கதவே இருக்கவில்லை. இருவரும் ஒரே தெருவில், ஒரே வங்கிக்கு வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

இதைவிட உறுத்துவது வேறு. கோப்பு எந்த அதிகாரியின் மேசைக்குப் போனது என்பதே முடிவை மாற்றியது. சிலர் தாராளமாக ஒப்புதல் கொடுப்பவர்கள், சிலர் கறார்ப் பேர்வழிகள். பெஞ்சமின் ஹைமன் என்ற பொருளியலாளர் இந்தக் கோணலையே கருவியாக எடுத்துக்கொண்டார். தாராள அதிகாரியிடமா, கறார் அதிகாரியிடமா என்பது ஏறக்குறைய குலுக்கல் என்றால், அந்தக் குலுக்கலை வைத்தே திட்டத்தின் பலனை அளந்துவிடலாம். ஒப்புதல் பெற்றுப் பயிற்சிக்குப் போனவர்கள் பத்தாண்டுகளில் மொத்தம் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று கண்டார். ஆனால் அந்த லாபம் வருடாவருடம் தேய்ந்து, பத்தாம் ஆண்டு வாக்கில் ஒன்றுமில்லாமல் போகிறது. திட்டத்தை ஆதரிப்பவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அரசே பணம் கொடுத்துச் செய்வித்து 2012-இல் வெளியான ஆய்வோ, நான்காம் ஆண்டில்கூடப் பயனாளிகள் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாகவே சம்பாதித்ததாகச் சொன்னது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். எனக்கு ஹைமன் முறைமேல் நம்பிக்கை அதிகம். ஆய்வாளருக்கு வரமாக அமைந்த அந்தக் குலுக்கல்தான், சீட்டு விழாமல் கறார் மேசைக்குப் போனவருக்குத் தலையெழுத்தாக அமைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘வேலை இந்தியாவுக்கு வந்தாலும் கொடுத்தார்களாமே?’ என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு வேடிக்கை. மென்பொருளை வட்டில் பதித்துக் கொடுத்தால் சரக்கு, இணையம் வழியாக அனுப்பினால் சரக்கல்ல, சரக்கு செய்தவருக்கே உதவி என்பது தொழிலாளர் துறையின் பழைய நிலை. வேலை இந்தியாவுக்குப் போனதால் வீட்டுக்குப் போன கனெக்டிகட் ஊழியர்கள் அமெரிக்காவின் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றம் வரை போனார்கள். 2006-இல் துறை இறங்கிவந்தது. 2009 சட்டம் சேவைத் துறையினரையும் வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டது. 2021 ஜூலையிலிருந்து பழைய விதிகள் திரும்பிவிட்டன, சேவைத் துறையினர் மறுபடி வெளியே. அதன்பின் ஆலை மெக்சிகோ போன்ற தாராள வணிக ஒப்பந்த நாட்டுக்குப் போனால் அதுவே போதுமானதாக இருந்தது. இந்தியாவுக்கோ சீனாவுக்கோ போனால், அதே வகைச் சரக்கு அமெரிக்காவில் கூடுதலாக வந்து இறங்குகிறது, அல்லது இறங்கப்போகிறது என்றும் காட்ட வேண்டியிருந்தது.

கெடு விஷயத்தில் அறிவிப்பை அப்படியே நம்ப முடியாமல் இருந்தது. 2022 ஜூலை 1 முதல் புது மனு வாங்குவதும், நிலுவையில் இருந்தவற்றில் முடிவு சொல்வதும் நின்றன. ஒரு மனுவை விசாரிக்கச் சட்டம் தந்த அவகாசம் 40 நாள். ஆக, உண்மையான கெடு மே மாதமே முடிந்துவிட்டது. ஜூன் கடைசியில் மனு போட்டவருக்குக் கிடைத்தது ஒரு மனு எண்.

மற்றவை சுருக்கமாக.

ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவர்கள்? 2022 ஜூன் 30-க்குள் வேலையும் போயிருந்தால் உதவி தொடர்ந்தது.

எவ்வளவு? வழக்கமான வேலையின்மைப் படி தீர்ந்த பிறகு, அதே தொகை, பொதுவாகப் பயிற்சியில் சேர்ந்திருந்தால் மட்டும்.

வயதானவர்களுக்கு? 50 வயது நிறைந்தவர் குறைந்த சம்பள வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலருக்கு மேல் இல்லை. புதிய சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டியிருக்கக் கூடாது.

மருத்துவக் காப்பீட்டு வரிச்சலுகை? 2021 டிசம்பரோடு சரி.

நீட்டிக்கப் பார்த்தார்களா? 2022 பிப்ரவரியில் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றிய மசோதாவில் நீட்டிப்பு இருந்தது, செனட் மசோதாவில் இல்லை.