ரோஸா பொனேரின் பிராணி சித்திரங்கள்

ஐரோப்பியக் கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் சித்திரங்களுக்குள் ஜாதி வகுத்திருந்தன. புராண, சரித்திர சம்பவங்களைத் தீட்டியவை முதல் வரிசையில் வீற்றிருக்க, ஆடு மாடுகளின் படங்கள் ஏறக்குறையக் கடைசிப் படியில் ஒதுங்கி நின்றன. அரசர்களுக்கும் போர்க்களங்களுக்கும் உரியதென்று கருதப்பட்ட பெரிய திரையை, ஏர் இழுக்கும் எருதுக்கும் சந்தைக்கு வந்த குதிரைக்கும் தயங்காமல் விரித்துக் கொடுத்தவர் பிரான்ஸ் தேசத்து ஓவியை ரோஸா பொனேர்.

அவர் 1822-ஆம் ஆண்டு பொர்தோ நகரில் பிறந்தார். தந்தை ரேமோன் பொனேரும் ஓவியரே. எழுத்துகளைக் கற்க மறுத்து முரண்டு பிடித்த சிறுமியிடம், ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் பெயர் தொடங்கும் ஒரு பிராணியை வரையச் சொல்லி, அந்தப் பிரியத்தின் வழியாகவே தாய் அக்ஷராப்பியாசம் செய்து வைத்தாராம். குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகளுக்குள், ரோஸாவின் பதினோராவது வயதில், அந்தத் தாய் காலமானார். பள்ளிப் படிப்பும் நிலைக்கவில்லை. தையல் வேலையும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கக் கலைப்பள்ளியோ 1897 வரையில் பெண்களுக்குக் கதவு திறக்கவேயில்லை. ஆகவே தந்தையே குருவானார். லூவர் கண்காட்சிசாலையின் பழைய சித்திரங்கள் பாடப்புத்தகங்களாயின.

ஆயினும் படத்தைப் பார்த்துப் படம் எழுதுவதோடு அவர் திருப்தியடையவில்லை. பாரிஸில் ஆறாவது மாடியிலிருந்த தம் வீட்டில் ஓர் ஆட்டை வளர்த்தார்; மேய்ச்சலுக்காக அதைத் தம்பி தோளில் சுமந்துகொண்டு படியிறங்குவது வழக்கமாம். தோலுக்கு அடியில் எலும்பும் தசையும் எவ்விதம் பொருந்தியிருக்கின்றன என்று அறியாமல் மேற்போர்வையை மட்டும் தீட்டுவது பொய்யாகிவிடும் என்ற எண்ணத்தால், இரத்தமும் துர்நாற்றமும் நிறைந்த கசாப்புக் கூடங்களுக்கும் சென்று அவயவ சாஸ்திரம் பயின்றார். பிராணிகளிடத்தில் அத்தனை வாத்ஸல்யம் கொண்ட ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு கடினமான சாதகமாக இருந்திருக்கும்!

1848-இல் கலைக்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற அவரிடம், அரசாங்கம் 3,000 பிராங்குக்கு உழவுக் காட்சி ஒன்றை எழுதித் தரக் கேட்டது. அடுத்த ஆண்டு முடிந்த 'நிவெர்னே உழவு' என்னும் சித்திரம் எட்டடிக்கும் மேற்பட்ட அகலமுடையது. குளிர்காலத்துக்கு முன் மண்ணைப் புரட்டிப் போடும் முதல் உழவு அது. திமிலில்லாத, கட்டுமஸ்தான எருதுகள், ஏருக்கு ஆறாக இரண்டு வரிசைகளில் நடக்கின்றன. தாற்றுக்கோல் பிடித்த உழவரின் முகத்தைத் தொப்பி மறைத்துவிடுகிறது. எருதுகளில் ஒன்றோ, நடந்துகொண்டே தன் அகன்ற கண்ணால் நம்மை நேராகப் பார்க்கிறது. முன்புறத்தில் கொழு புரட்டிய கட்டிகள் ஈரம் காயாமல் கிடக்கின்றன. மனிதனைச் சற்றே ஒதுக்கி, உழைப்பின் பாரத்தை உண்மையில் சுமக்கிற ஜீவனுக்கே இந்தப் படத்தில் கதாநாயக ஸ்தானம் அளிக்கப்பட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பின் எழுதிய 'குதிரைச் சந்தை' அவரை உலகப் பிரசித்தி பெறச் செய்தது. பாரிஸ் குதிரைச் சந்தைக்கு ஒன்றரை ஆண்டு காலம் வாரம் இருமுறை சென்று வரைந்தார். தரகர்களும் குதிரைக்காரர்களும் மொய்க்கும் அவ்விடத்தில் பிறர் கவனத்துக்கு இலக்காகாமல் வேலை செய்யும்பொருட்டு ஆணுடை தரித்தார். பெண்கள் கால்சட்டை அணியப் போலீஸ் அனுமதி வேண்டியிருந்த காலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சீட்டைப் புதுப்பிக்கவும் வேண்டும். 1853-இல் காட்சிக்கு வந்த இப்படம் எட்டடி உயரமும் பதினாறடிக்கு மேல் அகலமும் உடையது. திமிறிப் பின்னங்கால்களில் எழும் குதிரைகளும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஆட்களும் புழுதிக்கிடையே சுழன்று வருகையில், குளம்போசையே காதில் விழுவதுபோல் இருக்கிறது. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியும் இதைத் தருவித்துப் பார்த்தார்.

கீர்த்தியோடு வந்த பொருளைக் கொண்டு, ஃபோந்தேன்புளோ வனத்தருகே பீ என்னுமிடத்தில் ஒரு மாளிகை வாங்கி, தோழி நத்தாலி மிக்காவுடன் குடியேறினார். ஆடு, மாடு, குதிரை, மான் இவற்றோடு சிங்கங்களும் அங்கே வளர்ந்தன. 1865-இல் யூஜெனி சக்கரவர்த்தினி நேரில் வந்து லெஜியன் ஆஃப் ஆனர் விருதை அவருக்கு அணிவித்தார். அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் பெண் கலைஞர் அவரே.

1899-இல் ரோஸா மறைந்தபின், புதிய ஓவிய மரபுகளின் ஆரவாரத்தில் தாய்நாடே அவரை ஏறக்குறைய மறந்துவிட்டது. தத்ரூபமாக எழுதுவது மட்டுமே அவர் வல்லமை என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஒவ்வொரு மிருகத்துக்கும் தனித்தனி சுபாவம் உண்டென்று கண்டு எழுதிய கையை அவ்வாறு மதிப்பிடுவது நியாயமாகாது. 2022-இல், அவர் பிறந்து இருநூறாண்டு நிறைந்தபோது, பொர்தோவிலும் பாரிஸிலும் அவருடைய படைப்புகளைத் திரட்டிப் பெருங்காட்சி நடத்தினார்கள். 'நிவெர்னே உழவு' பாரிஸின் ஓர்ஸே கண்காட்சிசாலையிலும், 'குதிரைச் சந்தை' நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கண்காட்சிசாலையிலும் உள்ளன.