தாயின் ஐயமும் ஓர் அரும்பிணியும்

மக்கட்பேற்றினைப் பேறுகளுள் தலையாயதாகப் போற்றுவது தமிழர் மரபு. அப்பேறு கிட்டியும், பிறந்த பிள்ளைகள் இருவரும் அறிவு வளராது நிற்பின் அவ்வீட்டார் படும் துயரம் சொல்லுந் தரத்ததன்று. தலவாக்கலைத் தோட்டத்து லயமொன்றில் இத்தகைய குடும்பம் வாழுமாயின், விடியலிற் பிரட்டுக்குச் செல்லுந் தாய் பிள்ளைகளைப் பாட்டியிடமோ மூத்த மகளிடமோ விட்டே செல்லல் வேண்டும். அம்மகளின் படிப்பு அத்துடன் நின்றுபோதலும் உண்டு. இவற்றுக்கு மேலாக, ஊரார் பழியும் தாயையே சாரும். கிரகண வேளையில் வெளியே வந்தாள் என்பர், பழவினை என்பர். இப்பழி பொருந்துமா என்பதை ஒரு குடும்பத்தின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நோர்வே நாட்டுப் போர்க்னி எகலண்ட் என்னும் அம்மையாருக்குப் பிள்ளைகள் இருவர். லிவ் என்ற பெண் வளர்ந்தும் சில சொற்களே பேசினாள். தம்பி டாக் நடக்கவும் பேசவும் அறியான். மருத்துவர் பலரை நாடியும் பயனில்லை. ஆயினும் பிள்ளைகளின் சிறுநீரில் வீசிய கடுநெடியை அத்தாய் புறக்கணித்தாரல்லர். 1934ஆம் ஆண்டு, மருத்துவமும் இரசாயனமும் ஒருங்கே கற்ற அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பார் அதனைப் பெரிக்குக் குளோரைட்டு இட்டுச் சோதித்தார். அது எதிர்பாராதவாறு பச்சை நிறமாயிற்று. தாய் மீண்டும் மீண்டும் கொணர்ந்தளித்ததினின்று அவர் பிரித்தெடுத்தது பீனைல்பைரூவிக் அமிலம்.

புரத உணவிலுள்ள பீனைல்அலனின் என்னும் பொருளை மாற்றும் நொதியம் இப்பிள்ளைகளிடம் செயற்படுவதில்லை. அப்பொருள் குருதியில் மிகுந்து மூளையைத் தாக்குகின்றது. பீனைல்கீற்றோனூரியா என்பது இந்நோயின் பெயர்.

அஃது எங்ஙனம் வந்தது? தேயிலை நாட்டார்க்கு இதனை விளக்குதல் எளிது. தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரப்பியது போன்ற, தண்டு வெட்டி நட்ட கன்றுகள் தாய்ச்செடியையே ஒக்கும். விதைத் தேயிலையோ இரு செடிகளின் கலப்பு, ஒன்றுபோல் ஒன்றிராது. மனிதர் யாவரும் விதைத் தேயிலையே! ஒவ்வொரு பரம்பரையலகும் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக வருகின்றது. ஒன்று மட்டும் பழுதாயின் நோயில்லை. இரண்டும் பழுதாயினாலே நோய். ஆகவே பெற்றோர் இருவரும் நலமாயிருந்தே பழுதைச் சுமந்திருப்பர். ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் வருதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்க்குள்ள பங்கே தந்தைக்கும். மாமன் மகளை மணக்கும் வழக்கில், ஒரே பாட்டன் பாட்டி வழி அதே பழுது இருவரிடமும் இருத்தற்கு வாய்ப்பு மிகும். இந்நோய் அரிது என்பதையும், அறிவுக்குறை யாவும் இதனால் வருவனவல்ல என்பதையும் மறத்தலாகாது.

1953இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஹோஸ்ற் பிக்கல் என்பார், பீனைல்அலனின் குறைத்த உணவால் ஒரு சிறுமி தேறியதை வெளியிட்டார். அங்கும் மருத்துவரை விடாது வற்புறுத்தியவள் ஒரு தாயே. 1960களில் றொபேட் கத்றி வகுத்த முறைப்படி, பிறந்த மகவின் குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதியே நோயைக் காட்டலாயிற்று. முதல் வாரங்களிலேயே உணவைத் திருத்தினால் பிள்ளை ஏனையோரைப்போல வளரும். மூளை கெட்டபின் முற்றும் மீட்டலாகாது. லிவ்வுக்கும் டாக்குக்கும் அவ்வுணவு உரிய காலத்திற் கிட்டவில்லை.